'லி' செய்யும் லீலை!

செந்துறை பஸ் ஸ்டாண்ட் டீக்கடை. எங்கள் தெருப் பையன், பி.காம். முடித்தவன், வேலைக்கான விண்ணப்பத்தை நீட்டினான்.

"அண்ணே, இங்கிலீஷ் சரியா இருக்கான்னு பார்த்துடுங்க."

பார்த்தேன். பகீரென்றது! இரண்டு வருஷம் முந்திரி மண்டியில் ராப்பகலாகக் கணக்கு எழுதியவன், அதைப் பற்றி 'ஐ ஹார்ட்லி ஒர்க்ட்' என்று எழுதியிருந்தான்.

"தம்பி, இதுக்கு என்னடா அர்த்தம்?"

"கடுமையா உழைச்சேன்னு அர்த்தம்ணே!"

"இல்லப்பா. வேலையே பார்க்கலைங்கற மாதிரி அர்த்தம்!"

பையன் முகம் வாடிவிட்டது. பாவம், அவன் மேல் தப்பில்லை. தமிழில் 'வேகம்' என்பதோடு 'ஆக' சேர்த்தால் 'வேகமாக'. அதேபோல இங்கிலீஷில் 'லி' சேர்க்கச் சொல்லித்தான் நமக்கெல்லாம் பாடம். 'ஸ்லோ', 'ஸ்லோலி' வரை வண்டி ஒழுங்காக ஓடும். 'ஹார்ட்' வந்ததும் குடை சாய்ந்துவிடும்!

காரணம் இருக்கிறது. பழைய இங்கிலீஷில் சில சொற்களுக்குக் கடைசியில் ஒரு 'எ' ஓசை சேர்த்தாலே 'ஆக' என்ற பொருள் வந்துவிடும். நாளடைவில் அந்த ஓசை தேய்ந்து மறைந்தது. அதனால்தான் ஹார்ட், ஃபாஸ்ட், லேட் மூன்றும் 'லி' இல்லாமலே வேலை செய்கின்றன. 'ஃபாஸ்ட்லி' என்பது இன்றைய இங்கிலீஷில் செல்லாக் காசு. 'ஹார்ட்லி', 'லேட்லி' இரண்டும் தனிக்குடித்தனம் போய்விட்டன. 'லேட்' என்றால் தாமதமாக. 'லேட்லி' என்றால் சமீப காலமாக.

'ப்ரெசன்ட்லி' இன்னும் வேடிக்கை. நம் ஊரிலும் அமெரிக்காவிலும் 'இப்போது' என்று அர்த்தம். பிரிட்டனில் பெரும்பாலும் 'கொஞ்ச நேரத்தில்'! 'ப்ரெசன்ட்லி ஒர்க்கிங்' என்று லண்டனுக்கு எழுதினால், இனிமேல்தான் வேலைக்குப் போகப் போகிறான் என்று நினைத்தாலும் நினைப்பார்கள். 'நௌ' என்று எழுதிவிட்டால் வம்பே இல்லை.

"இதையெல்லாம் எப்படிண்ணே ஞாபகம் வெச்சுக்கறது?"

"கிட்ட வாங்கறதுக்கும் கிட்டத்தட்ட வந்துட்டேங்கறதுக்கும் வித்தியாசத்தை உனக்கு யாரு சொல்லிக் கொடுத்தா? காதால கேட்டுக் கேட்டுத்தானே வந்தது? 'நியர்', 'நியர்லி'யும் அதேதான். தனி வார்த்தையா உருப்போடாதே. முழு வாக்கியமா நாலு தடவை வாய்விட்டுப் படி."

'ஐ ஒர்க்ட் ஹார்ட்' என்று அழகாகத் திருத்தி எழுதினான். அந்த இரண்டு வருஷ உழைப்பு பிழைத்தது!

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த டீ மாஸ்டர் கணக்கு நோட்டை எடுத்தார்.

"சார், லேட்லி உங்க பாக்கி ரொம்ப லேட்டா வருது!"

உடனே புரிந்துகொண்ட மாணவர் அவர்தான்.