பாடம் முடிந்தபின் மாணவர் என்ன செய்வார்?

பல பொறியியல் வினாத்தாள்களில் இப்போது ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் 'சி.ஓ. 2', 'சி.ஓ. 4' என்று ஒரு குறி இருக்கும். அந்தக் கேள்வி பாடத்தின் எந்தக் கற்றல் விளைவைச் (Course Outcome, சுருக்கமாக சி.ஓ.) சோதிக்கிறது என்பதற்கான அடையாளம் அது. 2014-இல் தேசிய அங்கீகார வாரியத்தின் வழியாக இந்தியா, பொறியியல் பட்டங்களின் தரத்தை நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் நிரந்தர உறுப்பினரானது. இந்த உறுப்பினர் தகுதிக்காக, எத்தனை ஆய்வகம், எத்தனை ஆசிரியர் என்பதோடு, மாணவர் எதைச் செய்யக் கற்றார் என்பதையும் கல்லூரிகள் காட்டவேண்டியதாயிற்று.

நோக்கம் நல்லது. ஆனால் பல துறைகளில் நடப்பது வேறு. சிலபஸின் ஐந்து யூனிட் தலைப்புகளையும் எடுத்து, ஒவ்வொன்றின் கடைசியிலும் 'பற்றி அறிந்துகொள்வார்' என்று சேர்த்துவிடுகிறார்கள், ஐந்து சி.ஓ. தயார். அறிந்துகொண்டாரா என்று எதை வைத்துப் பார்ப்பது?

அமெரிக்கக் கல்வியாளர் ராபர்ட் மேகர் 1962-லேயே இதற்கு வழி சொன்னார். மாணவர் செய்யும் செயல், அதைச் செய்யும் நிலைமை, எந்த அளவுக்குச் செய்தால் போதும் என்ற வரையறை ஆகிய மூன்றும் கற்றல் நோக்கத்தில் தெரியவேண்டும் என்றார்.

சிவில் பிரிவின் குடிநீர்ப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். 'சுத்திகரிப்பு முறைகளை அறிவார்' என்பதை இப்படி மாற்றலாம்: 'ஒரு பேரூராட்சியின் மக்கள்தொகையையும் நீர்ப் பரிசோதனை அறிக்கையையும் கொடுத்தால், அன்றாடத் தேவையைக் கணக்கிட்டு, இந்தியத் தர அளவுகளுக்குள் நீரைக் கொண்டுவரும் சுத்திகரிப்பு நிலைகளைத் தேர்ந்து காரணம் சொல்வார்.' இதை எழுதியதுமே கேள்வி தானாக வந்துவிடுகிறது. மக்கள்தொகை 20,000, தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். தேவை 27 லட்சம் லிட்டர். தருமபுரிப் பக்கத்துக் கிணற்று நீர் என்றால் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற உச்ச வரம்பைத் தாண்டியிருக்கலாம். வெறும் மணல் வடிகட்டி அதை நீக்காது. இதைக் கண்டு சொல்லும் மாணவரிடம் ஓர் ஊரின் குடிநீரை நம்பி ஒப்படைக்கலாம்.

வினைச்சொல்லைத் தேர்வதற்கு, கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் குழு 1956-இல் வெளியிட்ட, 2001-இல் திருத்தப்பட்ட சிந்தனையின் ஆறு படிநிலைகள் உதவும். நினைவுகூர்தல், புரிதல், பயன்படுத்தல், பகுத்தல், மதிப்பிடல், படைத்தல் என்று அவை ஏறும். ஆனால் வினைச்சொல் மட்டும் காப்பாற்றாது. சி.ஓ.வில் 'வடிவமைப்பார்' என்று எழுதிவிட்டு, தேர்வில் 'குறிப்பு வரைக' என்று கேட்டால் மாணவர் மனப்பாடம்தான் செய்வார். அவர் படிப்பது வினாத்தாளுக்காக. விளைவு, வகுப்பு, தேர்வு மூன்றும் ஒரே கோட்டில் நிற்கவேண்டும் என்று கல்வியாளர் ஜான் பிக்ஸ் 1996-இல் வலியுறுத்தியது இதைத்தான்.

செமஸ்டர் முடிந்தபின் ஒவ்வொரு சி.ஓ.வும் பட்டப்படிப்பின் பொது விளைவுகளோடு எவ்வளவு பொருந்துகிறது என்று எக்செல் தாளில் 1, 2, 3 என மேப்பிங் நிரப்புவதில் ஆசிரியர்களின் நேரம் போகிறது. அந்த நேரம் முன்னதாகவே தேவைப்படுகிறது. ஆசிரியர்களே, அடுத்த செமஸ்டரின் முதல் வகுப்புக்கு முன் இறுதித் தேர்வுக்கான ஐந்து நல்ல கேள்விகளை எழுதிவிடுங்கள். பிறகு அவற்றிலிருந்து சி.ஓ.க்களை எழுதி, முதல் நாளே மாணவர் கையில் கொடுங்கள்.