சாரைக்கு முதலுதவி... சும்மா இருப்பது!

ஞாயிற்றுக்கிழமை காலை. லுங்கியும் காபி டம்ளருமாகக் கொல்லைப்பக்கம் போனவன், அப்படியே உறைந்து நின்றேன். பெருச்சாளிக்குப் பயந்து கத்தரிச் செடிகளைச் சுற்றிக் கட்டியிருந்த நைலான் வலையில், ஆறடிப் பாம்பு ஒன்று மாட்டிக்கொண்டு துடிக்கிறது! நூல் இறுக்கிய இடத்தில் ரத்தம்.

ஐந்தே நிமிடத்தில் தெருவே ஆஜர். எதிர்வீட்டு மாமா கையில் உருட்டுக்கட்டை. பக்கத்துவீட்டுப் பாட்டி கையில் பால் கிண்ணம். என் மனைவி கையில் மஞ்சள்தூள் டப்பா! நானோ கத்தரிக்கோலோடு ஹீரோ போஸில்.

101-க்கு போன் போட்டு, "சாரைன்னு நினைக்கிறேன் சார்... வலையை நானே வெட்டிவிடட்டுமா?" என்றேன்.

"நினைப்பெல்லாம் வேணாம். நல்ல பாம்பா இருந்தா? குழந்தைங்க, நாயை எல்லாம் உள்ளே அனுப்பிட்டு, நீங்களும் தள்ளி நில்லுங்க. நாங்க வர்ற வரைக்கும் அதை மட்டும் பாத்துக்கிட்டே இருங்க!"

நியாயம்தான். படமெடுக்காத நாகத்தைச் சாரை என்று நம்பிக் கைவைத்தவர்கள் உண்டு. விஷமில்லாத சாரையும் வலியில் கடிக்கத்தான் செய்யும்.

பாம்பு பிடிப்பவரும் கூடவே வந்தார். பார்த்ததும், "சாரைதான்" என்றார். தலையைத் துணியால் மூடி, நூல்களை ஒவ்வொன்றாக நறுக்கினார்.

"பால் வேணாம் பாட்டி, அதுக்குச் செரிக்காது. மஞ்சளும் வேணாம்மா."

"தம்பி, இது ஆம்பளை. இதோட ஜோடி நாகம் தேடி வருமே?"

"சாரை வேற ஜாதி, நாகம் வேற ஜாதி பாட்டி. சாரையிலேயே ஆணும் உண்டு, பொண்ணும் உண்டு."

"அப்ப இப்படியே வயல்ல விட்டுடலாமே?" என்றேன் நான்.

"அதான் சார் தப்பு! நூல் அறுத்த காயம் உள்ளே சீழ் வெச்சிடும். கால்நடை டாக்டர்தான் மருந்து போடணும். குளிர் ரத்தப் பிராணி... நம்மளை மாதிரி சீக்கிரம் ஆறாது."

1972-ம் வருட வனவிலங்குச் சட்டப்படி, பாம்பை அடித்துக் கொன்றாலும் குற்றம், வீட்டில் வைத்து வளர்த்தாலும் குற்றம் என்றார். மாமாவின் கட்டை சத்தமில்லாமல் முதுகுக்குப் பின்னால் போனது.

துணிப்பையில் கிளம்பிய விருந்தாளியைப் பற்றி ஒரு மாதம் கழித்து போன் வந்தது. "தோல் உரிச்சிடுச்சு சார். காயம் ஆறிடுச்சு. வனத்துறைகிட்ட சொல்லி விட்டாச்சு!"

அப்போதுதான் உறைத்தது. எலி, பெருச்சாளியைப் பிடிக்கச் சம்பளமில்லாமல் வந்த வாட்ச்மேனைத்தான் நான் வலைபோட்டுப் பிடித்திருக்கிறேன்!

அன்று மாலையே வலையைக் கழற்றிவிட்டேன். கத்தரிக்காயா? பெருச்சாளிக்குப் பாதி, எனக்குப் பாதி... வாட்ச்மேன் திரும்ப டியூட்டிக்கு வரும் வரை!