உங்களுக்குத் தெரியுமா? நுவரெலியாக் குளிரில் டெங்குக்கு நாள் போதாது

டெங்கு நோயாளியைக் கடித்த நுளம்பு மறுநாளே இன்னொருவருக்கு நோயைக் கொடுத்துவிடாது. இரத்தத்தோடு உள்ளே போன வைரஸ் முதலில் அதன் குடலில் பெருக வேண்டும். பிறகு உடலெங்கும் பரவி உமிழ்நீர்ச் சுரப்பியை எட்ட வேண்டும். அதன்பின்தான் அந்தக் கடி ஆபத்து. இதற்கு எத்தனை நாள் பிடிக்கும் என்பது பெரும்பாலும் சுற்றுப்புற வெப்பத்தைப் பொறுத்தது. நுளம்புக்கு நம்மைப்போல நிலையான உடற்சூடு கிடையாது.

30 பாகை செல்சியஸில் சராசரியாக ஒரு வாரம் போதும். 25 பாகையில் அது ஏறக்குறைய இரண்டு வாரமாக நீளும். சுமார் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலோ ஆண்டுச் சராசரியே 16 பாகை அளவுதான். பெண் நுளம்பு வாழ்வதே சில வாரங்கள். வைரஸ் தயாராகுமுன் பெரும்பாலும் அதன் கதை முடிந்துவிடும். 2017இல் இலங்கையில் 186,000 பேருக்கும் அதிகமாக டெங்கு பதிவானது. அந்த மோசமான ஆண்டிலும் நுவரெலியா மாவட்டத்தின் பங்கு சிறியதே.

ஆனால் கொழும்பில் வேலை பார்க்கும் பிள்ளைகள் தீபாவளிக்குத் தோட்டத்துக்கு வரும்போது காய்ச்சலும் கூடவே பஸ் ஏறலாம். மலையில் காய்ச்சல் என்றாலும், எங்கிருந்து வந்தோம் என்பதை டொக்டரிடம் சொல்வது நல்லது. ஹட்டன் வேறு நுவரெலியாவைவிடச் சுமார் 600 மீற்றர் கீழே, சில பாகை கூடுதல் சூட்டில் இருக்கிறது. லயத்துக்குப் பின்னால் கிடக்கும் டயரில் மழைநீர் தேங்கினால், அதற்கு நுவரெலியாக் குளிரைச் சாட்டுச் சொல்ல முடியாது.