நீறு பூத்த நெருப்பு

அடிபட்ட இடம் சிவந்து, வீங்கி, சுடுவதை அழற்சி என்கிறோம். அழல் என்பது தீ. இச்சொல்லைப் படைத்தோர் பொருளறிந்தே படைத்தனர். காயத்தின் அழற்சி சில நாளில் தணியும். எச்.ஐ.வி. கிருமி புகுந்தவர் உடலிலோ அது எளிதில் தணிவதில்லை. நெகிரி செம்பிலான் தோட்டங்களில் முன்னாளில் இரப்பர்த் தகடுகளைப் புகையிட்டு உலர்த்திய கூடங்களை முதியோர் அறிவர். அங்கே தீ கொழுந்துவிட்டு எரியாது. இரவு பகலாகக் கனன்றுகொண்டிருக்கும். இவ்வழற்சியும் அத்தகையதே.

முறையாக மருந்துண்டால் குருதியில் கிருமி காணப்படாத அளவுக்குக் குறைந்துவிடும். பின்னும் கனல் அவியாதது ஏன்? நோயெதிர்ப்புப் படையை நடத்தும் சிடி4 வெள்ளணுக்கள் குடற்சுவரில் மிகுதியாக உறைகின்றன. கிருமி தொடக்கத்திலேயே அவற்றை அழிக்கிறது. காவல் குன்றிய சுவர் வழியே, குடலில் வாழும் நுண்ணுயிர்களின் துணுக்குகள் குருதியில் கசிகின்றன. படை ஓய்வின்றிப் போரிடுகிறது. 2006இல் பிரெஞ்சிலி, டூவெக் முதலிய அமெரிக்க ஆய்வாளர் இதனை எடுத்துக்காட்டினர். உயிரணுக்களுள் ஒளிந்திருக்கும் கிருமியும் ஒரு காரணமே.

கனலை அளக்கக் குருதியிலேயே அடையாளங்கள் உண்டு. இன்டர்லூக்கின்-6 அழற்சியைக் காட்டும். டி-டைமர் குருதி உறைந்து கரைவதைக் காட்டும். இவற்றின் பெறுமதி ஸ்மார்ட் ஆய்வில் விளங்கிற்று. சிடி4 எண்ணிக்கை நன்றாயிருக்கையில் மருந்தை நிறுத்திவைக்கலாமா என 33 நாடுகளில் 5,472 பேரிடம் அவ்வாய்வு நடந்தது. நிறுத்தியவரிடையே நோயோ மரணமோ நேர்வது இரு மடங்குக்கு மேற்பட்டமையால், 2006 சனவரியில் அம்முறை கைவிடப்பட்டது. வியப்பு யாதெனில், இறந்தோருள் பெரும்பாலோர் எய்ட்ஸுக்கே உரிய நோய்களால் இறந்தாரல்லர். சேமித்த குருதியைச் சோதித்தபோது, மருந்து நிறுத்திய ஒரே மாதத்தில் அவ்விரு பொருளும் உயர்ந்திருந்தன. அவை மிக்கவரிடையே மரணமும் மிக்கிருந்தது. ‘கிருமிதான் இல்லையே’ என்று மாத்திரையை விடுவோர் அறியவேண்டிய செய்தி இது.

மலேசியாவில் இந்நோய் முதன்முதல் கண்டறியப்பட்டது 1986இல். சென்னையில் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி நிர்மலாவும் கண்டதும் அதே ஆண்டில்தான். மருந்தின் துணையால் இன்று பலர் முதுமை காண்கின்றனர். ஆகவே இதயநோய் பற்றிய கவலையும் கூடியிருக்கிறது. கனலைத் தணிக்க முயன்ற வழிகளை மலாயாப் பல்கலைக்கழகத்தின் ரீனா இராஜசூரியர், அதீபா கமாருல்சமான் முதலியோர் 2013இல் ஒருங்கே ஆராய்ந்தனர். பத்தாண்டு கழித்து, 12 நாடுகளில் 7,769 பேரிடம் நடந்த ரிப்ரீவ் ஆய்வு ஒரு நற்செய்தி தந்தது. கொழுப்பைக் குறைக்கும் பிட்டாவாஸ்டாட்டின் மாத்திரையை நாள்தோறும் உண்டோரிடையே மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35 விழுக்காடு குறைந்திருந்தன. இதில் கொழுப்புக் குறைந்ததன் பங்கு எவ்வளவு, அழற்சி தணிந்ததன் பங்கு எவ்வளவு என்பதை ஆய்வாளர் பிரித்தறிய முயல்கின்றனர்.