4 கிலோ விதைக்கடனும் 14 எழுத்தும்

போன வருஷம் தை மாதம். அறுவடை மெஷின் கொட்டிவிட்டுப் போன குவியலில் ஒரு பிடி நெல்லை அள்ளி, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். சித்திரைக்கார். உமி கழன்றால் உள்ளே செங்கல் நிறத்தில் அரிசி தெரிய வேண்டும். தெரிந்தது. ஆனால் நடுவே இரண்டு வெள்ளை. இன்னொரு பிடி எடுத்தேன். அதில் மூன்று.

வெள்ளை என்றால் மில்லில் தீட்டிய வெள்ளை இல்லை. உமி மட்டும் நீங்கிய, சிவப்பே இல்லாத வெளிர் அரிசி.

சாப்பாட்டு நெல் என்றால் விட்டிருப்பேன். இது விதைக்கடன். பாங்கில் இருந்து ஓய்வு பெற்று, திருவாடானைப் பக்கம் தொண்டிக் கடற்கரையில் இருந்து சில மைல் உள்ளே இருக்கிற எங்கள் பூர்வீக நிலத்துக்குத் திரும்பியபோது, பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் எனக்கு 2 கிலோ சித்திரைக்கார் கொடுத்தார். ஆதிரங்கம் நெல் திருவிழாவில் உள்ள அதே கணக்குதான், 2 கிலோ வாங்கினால் 4 கிலோ திருப்ப வேண்டும். நூற்றுக்கு நூறு வட்டி! என் சர்வீஸில் இப்படி ஒரு லோன் நான் சாங்ஷன் பண்ணியதே இல்லை. ஆனால் பெரியவர் ஒரு நிபந்தனை வைத்தார். "முதல் விளைச்சலை எனக்குக் கொண்டாராதீக. ஒங்க மண்ணுல மூணு வருசம் நிக்கட்டும். அப்பறமாக் குடுங்க."

மூன்றாவது வருஷம்தான் வெள்ளை வந்தது. ஏன் மூன்றாவது வருஷம் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

பொங்கலுக்குப் பேத்தி வந்திருந்தாள். பிளஸ் டூ உயிரியல். "இது மியூட்டேஷனா இருக்கும் தாத்தா" என்றாள். எனக்கு அந்த வார்த்தை தெரியும், பொருள் தெரியாது. "எனக்குப் புரியுற மாதிரிச் சொல்லுத்தா" என்றேன். அவள் புத்தகத்தை விரித்துச் சொன்னதை நான் என் பாங்க் புத்தியில் இப்படி வாங்கிக்கொண்டேன்.

டி.என்.ஏ. என்பது ஒரு பேரேடு. செடியின் ஒவ்வொரு செல்லிலும் அதன் முழு நகல் உண்டு. அதில் எழுத்துகள் நாலே நாலு: அடினின், தைமின், குவானின், சைட்டோசின். இரண்டு இழைகள் எதிரெதிரே ஓடுகின்றன. ஒன்றில் அடினின் இருந்தால் எதிரில் தைமின், குவானின் இருந்தால் சைட்டோசின். டெபிட் போட்டால் எதிரே கிரெடிட் இருந்தே ஆக வேண்டும் என்பது மாதிரி. ஒரு இழையை வைத்து மற்றதைத் திரும்ப எழுதிவிடலாம். செல் இரண்டாகும்போது பேரேடு நகலாவது அப்படித்தான். நெல்லின் பேரேட்டை முழுதாகப் படித்து 2005-ல் வெளியிட்டார்கள். பல நாடுகள் சேர்ந்து செய்த வேலை. 11-வது குரோமோசோமில் ஒரு பகுதி நம் நாட்டு விஞ்ஞானிகள் படித்தது. 12 குரோமோசோமிலும் சேர்ந்து சுமார் 39 கோடி எழுத்து. ஒவ்வொரு குரோமோசோமும் ஜோடி, தாய்வழி ஒன்று, தகப்பன்வழி ஒன்று.

இந்தப் பேரேட்டில் ஒரு குறிப்பிட்ட வேலைக்கான பதிவுதான் மரபணு, ஜீன். அதை வாசிக்கிற முறையில்தான் சூட்சுமம். மூன்று மூன்று எழுத்தாக வாசிக்கும். வார்த்தைக்கு நடுவே இடைவெளி கிடையாது. பேத்திக்கு நான் தாளில் எழுதிக் காட்டினேன்: வரவு, செலவு, கடன், பாக்கி. நாலும் மூன்றெழுத்து. முதல் வார்த்தையில் 'ர' மட்டும் விடுபட்டுப்போனால் என்ன ஆகும்? மூன்று மூன்றாகவே வாசித்தால் வவுசெ, லவுக, டன்பா, க்கி. அடித்தது ஒரு எழுத்து, கெட்டது முழு வரி. அதுவே மூன்று எழுத்து சேர்ந்தாற்போல் போயிருந்தால் ஒரு வார்த்தைதான் காணாமல் போகும், மற்றது பிழைக்கும். பேத்தி கைதட்டினாள். அவள் டீச்சருக்கும் இதைச் சொல்லப் போகிறாளாம்.

நகலெடுக்கும்போது இப்படி எழுத்து விடுபடுவது, மாறுவது, கூடுவதுதான் சடுதிமாற்றம், மியூட்டேஷன். வெயிலின் புற ஊதாக் கதிராலும் நடக்கும், சும்மாவும் நடக்கும். செல்லுக்குள்ளேயே தணிக்கை உண்டு, பெரும்பாலான பிழையைத் திருத்திவிடும். தப்பித்த சிலவும் பெரும்பாலும் யாருக்கும் தெரியாத இடத்தில் விழும். எப்போதோ ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும்.

அரிசியின் நிறம் அப்படித் தெரிந்த ஒன்று. நெல்லின் 7-வது குரோமோசோமில் ஆர்.சி. என்று ஒரு மரபணு இருக்கிறது. அது நேரடியாகச் சாயம் காய்ச்சுவதில்லை. சாயம் செய்கிற மற்ற மரபணுக்களுக்கு உத்தரவு போடுகிறது. கையெழுத்துப் போடும் ஆபீசர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காட்டு நெல்லில் அரிசி சிவப்புதான். வெள்ளை அரிசி ரகங்களில் பெரும்பாலானவற்றில் இந்தப் பதிவில் 14 எழுத்து விடுபட்டிருக்கிறது என்று 2006-ல் கண்டுபிடித்தார்கள். 14, மூன்றால் வகுபடாத எண். அதனால் அதற்குப் பின் வருவதெல்லாம் 'வவுசெ, லவுக' ஆகி, ஆபீசர் கையெழுத்தே போடுவதில்லை. சாயம் ஏறவில்லை. என்றோ ஒரு செடியில் நடந்த பிழையை யாரோ ஒருவர் பிடித்துப்போய் விதைக்கு எடுத்து வைத்திருக்கிறார். அது கலப்பின் வழியாக ரகம் ரகமாகப் பரவி இன்று நம் தட்டில் இருக்கிறது. பிழை என்று நான் சொன்னது சிவப்பரிசிக்காரனின் பார்வை, அவ்வளவுதான்.

சரி, என் களத்துக்கு வருவோம். சிவப்பில் வெள்ளை வர மூன்று வழி உண்டு. மெஷின் வழியாகவோ சாக்கு வழியாகவோ வேறு நெல் கலந்திருக்கலாம். பக்கத்து வயல் மகரந்தம் விழுந்து ஒட்டியிருக்கலாம். அல்லது என் வயலிலேயே புதிதாக மியூட்டேஷன் நடந்திருக்கலாம். மூன்றையும் 'கலப்பு' என்ற ஒரே வார்த்தையில் நாம் சொல்லிவிடுகிறோம். மருந்து மூன்றுக்கும் வேறு வேறு.

நல்லவேளையாக, கண்மாய் மடைப் பக்கம் ஈரமாகக் கிடந்த மூலையில் மெஷின் இறங்கவில்லை. அங்கே பயிர் நின்றது. முதலில் குவியலில் இருந்த வெள்ளையைப் பிரித்தேன். பெரும்பாலும் சன்னமான நெல். முந்தின நாள் அதே மெஷின் அறுத்தது பக்கத்து வயல் சன்ன ரகத்தை. இது மெஷின் வயிற்றில் தங்கிய பாக்கி. முதல் மூட்டையைத் தனியே எடுத்து வைத்திருந்தால் தப்பியிருக்கலாம், என் தப்பு.

நின்ற பயிரில் கதிருக்கு ஒரு நெல் உரித்துக்கொண்டே போனோம், நானும் பேத்தியும், இரண்டு நாள். ஒன்பது கதிர் வெள்ளை. ஒரு கதிரில் ஒரு நெல் வெள்ளை என்றால் அந்தக் கதிர் முழுக்க வெள்ளை. இதைக் கவனியுங்கள். அரிசியின் நிறம் மேல்தோலில் இருக்கிறது. தோல் தாய்ச் செடியின் பாகம். உள்ளே இருக்கும் முளை யாருடைய பிள்ளையாக இருந்தாலும் சட்டை தாய் தைத்தது. அதனால்தான் சித்திரைக்கார்ப் பூவில் வெள்ளை ரகத்தின் மகரந்தம் விழுந்தால் அந்த வருஷம் ஒன்றும் தெரியாது, நெல் சிவப்பாகவே விளையும். அடுத்த வருஷம் அந்த விதை முளைத்த செடியில் ஒரு பிரதி சரியானது, ஒன்று உடைந்தது. ஒரு ஆபீசர் கையெழுத்துப் போட்டாலே போதும், அதுவும் சிவப்பு. மூன்றாம் வருஷம் அதன் பிள்ளைகளில் நாலில் ஒரு செடிக்கு இரண்டு பக்கமும் உடைந்த பிரதி வாய்க்கும். அப்போதுதான் வெள்ளை வெளியே வரும். மெண்டல் பட்டாணியில் கண்டு 1866-ல் அச்சிட்ட அதே 3:1. எங்கள் பெரியவர் மெண்டலைப் படித்தவர் இல்லை. ஆனால் மூன்று வருஷம் கேட்டார்.

ஒன்பது கதிரும் எப்படி இருந்தன? சில சித்திரைக்கார் உயரம், நெல் சன்னம். சில குட்டை, நெல் மொத்தம். இரண்டு ரகத்தின் குணமும் குலுக்கிப் போட்ட மாதிரி. அது ஒட்டின் அடையாளம். புது மியூட்டேஷன் என்றால் நிறம் தவிர மற்ற எல்லாம் அச்சாகச் சித்திரைக்காராகவே இருந்திருக்க வேண்டும். பேத்திக்குக் கொஞ்சம் ஏமாற்றம். முதல் வருஷம் அந்த 2 கிலோவை நான் வரப்போரத் துண்டில்தான் விதைத்தேன், வரப்புக்கு அந்தப்பக்கம் சன்ன ரகம். நெல் தன் மகரந்தத்திலேயே கருவுறுவது. அயல் மகரந்தம் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. விதை நெல்லுக்கு 3 மீட்டர் இடைவெளி இருந்தால் போதும் என்று விதைச்சான்று விதியே சொல்கிறது. அந்த 3 மீட்டரை நான் விடவில்லை.

வெள்ளைக் கதிரைப் பிடுங்கிப் போட்டால் தீர்ந்ததா? இல்லை. ஒரு பிரதி உடைந்த சிவப்புச் செடிகள் ஒளிந்திருக்குமே. கண்ணால் பார்த்து அவற்றைப் பிடிக்க முடியாது. அதற்கு வழி, கதிர் வரிசை. நல்ல சிவப்புக் கதிர் 120 தேர்ந்து, நெல்லைத் தனித்தனிக் காகித உறையில் போட்டு எண் எழுதி வைத்தேன். புரட்டாசியில், வயலின் நட்ட நடுவே, ஒரு கதிருக்கு ஒரு வரிசை விதைத்தேன். வரிசைக்கு 20 செடிக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டேன். தாய்க் கதிரில் உடைந்த பிரதி ஒளிந்திருந்தால் வரிசையில் நாலில் ஒன்று வெள்ளையாகும். 20 செடியிலும் அது ஏமாற்றிவிட்டுத் தப்பிக்க 300-ல் ஒரு வாய்ப்புதான். எந்த வரிசையில் ஒரு வெள்ளை வந்தாலும் அந்த வரிசை முழுக்க மாட்டுக்கு.

மிளகாய் போடுகிறவர்கள் இதை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். ராமநாதபுரம் முண்டுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். அது பெயரைக் காக்கும், விதைக்குள் இருக்கும் எழுத்தைக் காக்காது. நெல் மாதிரி இல்லை மிளகாய். தேனீயும் மற்ற பூச்சிகளும் மகரந்தத்தைத் தூக்கிக்கொண்டு போகும். அதற்கு விதைச்சான்று கேட்கிற இடைவெளி 200 மீட்டர், ஆதார விதைக்கு 400. பக்கத்தில் சம்பா மிளகாய் இருந்தால் உங்கள் முண்டு இந்த வருஷம் உருண்டையாகத்தான் இருக்கும், பழமும் தாயின் சதை. நீளம் தெரிவது அடுத்தடுத்த வருஷம். நாலைந்து செடியைப் பூக்கும் முன்பே நைலான் வலையால் மூடி, அதன் விதையை மட்டும் எடுங்கள்.

கூட்டங்களில் ஒரு கேள்வி வருகிறது. 2025 மே மாதம் மத்திய அரசு இரண்டு மரபணு திருத்திய நெல் ரகங்களை அறிவித்தது. ஒன்று எம்.டி.யூ. 1010-ல் திருத்தம் செய்த பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1. வறட்சியும் உப்பும் தாங்கும் என்கிறார்கள். உப்புத் தண்ணீரோடு மல்லுக்கட்டும் நம் கடலோரத்துக்கு இது காதில் விழாமல் போகாது. 'இயற்கையிலும் எழுத்து விடுபடுகிறது, நாங்களும் அதைத்தானே செய்கிறோம்' என்பது அவர்கள் வாதம். அந்த அளவில் வாதம் பொய்யில்லை. ஆனால் வெள்ளை அரிசிப் பிழையைப் பல தலைமுறை உழவர்கள் தின்று, விதைத்துப் பார்த்துத் தேர்ந்தார்கள். யாரும் அதற்கு உரிமை கேட்கவில்லை. திருத்தும் கத்தரிக்கோலுக்கு இன்று காப்புரிமை இருக்கிறது. உப்பைத் தாங்கும் எழுத்துகள் கேரளத்துப் பொக்காளி நெல்லில் முன்பே இருக்கின்றன. முதல் குரோமோசோமில் இருக்கும் அந்தப் பகுதியைச் சாதாரண ஒட்டு முறையிலேயே வேறு ரகங்களுக்கு மாற்றியும் இருக்கிறார்கள். நம் பக்கத்துக் குழியடிச்சானும் உப்பு நிலத்து நெல்தான். முதலில் அதை விதைத்துப் பார்க்கலாமே என்பது என் கட்சி.

இந்தத் தையில் 120 வரிசையையும் அரிவாளால்தான் அறுத்தோம். மூன்று வரிசையில் வெள்ளை வந்தது: 17, 58, 103. மூன்றும் மாட்டுக்குப் போயின. மீதி 117 வரிசை நெல்லைத் தனிக் களத்தில் அடித்து, காயவைத்து, 4 கிலோ நிறுத்து எடுத்துக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போனேன். ஒரு வருஷம் தாமதம், நோட்டீஸ் எதுவும் வரவில்லை. நான் உறை, எண், 3:1 எல்லாம் விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு பிடி எடுத்துத் தேய்த்து ஊதினார். இன்னொரு பிடி எடுத்தார். பிறகு உள்ளே போய், வேப்பிலை போட்டு வைத்திருந்த மண்பானையில் கொட்டிவிட்டு வந்து, "அந்த மாட்டுக்குப் போட்ட மூணு வரிசையில எது நல்லா வெளஞ்சிருந்துச்சு?" என்று கேட்டார்.

58. நெல் மணி கனமாக இருந்தது. அதை நான் குறித்து வைத்திருந்தேன், விதையைத்தான் வைக்கவில்லை.