கொண்டை இல்லாத குஞ்சு

செந்தூலில் மாமா வீட்டுப் பால்கனியில் ஒரு ஜோடி குளோஸ்டர் கேனரி வளர்கிறது. இரண்டின் தலையிலும் கொண்டை. நெற்றியில் முடி விழுந்து கண்ணை மறைக்கும் சிறுபிள்ளையைப் போல இருக்கும். "ரெண்டுக்கும் கொண்டை இருந்தா பொறக்கிற எல்லாத்துக்கும் கொண்டைதான்" என்று சொல்லி விற்றாராம் கடைக்காரர். பெட்டை 4 முட்டை இட்டது. இரண்டு வாரம் அடைகாத்தும் பொரித்தது இரண்டுதான். அதிலும் ஒன்றுக்குக் கொண்டை இல்லை.

மாமா கடைக்காரரைத் திட்டினார். நான் ஐந்தாம் படிவ உயிரியல் புத்தகத்தைத் தேடினேன்.

குளோஸ்டர் பழைய இனம் அல்ல. இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷியர் வட்டாரத்தில், செல்ட்டன்ஹாம் நகரத்து ரோஜர்சன் அம்மையார் உருவாக்கியது. கொண்டையுள்ள ரோலர் கேனரியையும் சின்ன உருவம் கொண்ட பார்டர் கேனரியையும் இணைத்து வளர்த்தார். 1925இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் கண்காட்சிக்கு அவர் கொண்டுவந்த பறவைகள்தாம் இந்த இனத்தின் தொடக்கம். நீளம் சுமார் 12 சென்டிமீட்டர், உருண்டையான உடம்பு, காதைத் துளைக்காத பாட்டு. அடுக்குமாடி வீட்டுக்குப் பொருத்தமான பறவை.

கொண்டை உள்ளதைக் 'கொரோனா' என்கிறார்கள். கிரீடம் என்று பொருள். (நம் தலைமுறைக்கு அந்தச் சொல்லே ஒவ்வாது!) கொண்டை இல்லாதது 'கான்சார்ட்', அதாவது துணை.

கொண்டைக்கான மரபணு ஓங்கு தன்மை கொண்டது. ஒன்று இருந்தாலே கொண்டை வந்துவிடும். இரண்டு சேர்ந்தால் குஞ்சு பிழைக்காது. ஆகவே உயிரோடு இருக்கும் ஒவ்வொரு கொரோனாவிடமும் அந்த மரபணு ஒன்றுதான் உண்டு. மெண்டல் கட்டத்தை வரைந்து பாருங்கள். கொரோனாவோடு கொரோனா சேர்ந்தால் கருவுற்ற முட்டைகளில் சராசரியாகக் கால்வாசி வீண், பாதி கொண்டை, கால்வாசி வெறுந்தலை. கொரோனாவோடு கான்சார்ட் சேர்ந்தாலும் பாதி கொண்டைதான். ஆனால் மரபணுவால் ஒரு குஞ்சும் சாகாது. இரண்டு கிரீடத்தைச் சேர்த்து வைப்பதால் கூடுதலாக ஒரு கொண்டைகூடக் கிடைப்பதில்லை. அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் அகன்ற தலை கொண்ட நல்ல கான்சார்ட்டைத் தேடி அலைவது இதனால்தான்.

கட்டம் போட்ட தாளை மாமாவிடம் காட்டினேன். வெறுந்தலைக் குஞ்சைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட இருந்தவர், தாளை இரண்டு முறை பார்த்துவிட்டுக் கூண்டை உள்ளே எடுத்து வைத்தார்.

போன வாரம் அது தொண்டையை உப்பிப் பாடத் தொடங்கியது, சேவல்தான். இப்போது மாமா அதற்கு வேறு வீட்டிலிருந்து கொண்டை வைத்த பெட்டை ஒன்றைத் தேடுகிறார்.