வண்டி இலேசானால் கடனும் இலேசாகும்

வெளியிடச் சமையலுக்கு உள்ளூர் கராஜிலேயே ஒரு சிறு ட்ரெயிலர்

எமது சமூகத்தில் கைமணம் உள்ளவர்களுக்குப் பஞ்சமில்லை. கல்யாண வீட்டுக்கு சஹன் சோறு ஆக்கித் தருபவர்கள், கொட்டாஞ்சேனையில் வீட்டுக் குசினியிலேயே ரோல்ஸ், கட்லட், பெட்டிஸ் செய்து கடைகளுக்குக் கொடுக்கும் சகோதரிகள், வெள்ளவத்தையில் ஓடர் எடுத்து புரியாணி சமைக்கும் இளைஞர்கள் என்று எண்ணிக்கொண்டே போகலாம். இவர்களில் அநேகருக்குக் குறைவாக இருப்பது திறமை அல்ல, முதல்தான். காலி வீதியில் ஒரு சிறு கடை அறை எடுப்பதென்றாலும் முற்பணம், வாடகை, மின்சாரம், ஆள் கூலி என்று முதல் சட்டி அடுப்பில் ஏறும் முன்பே கையிருப்பு கரைந்துவிடும். மிச்சத்துக்கு வட்டிக் கடன் வாசலில் வந்து நிற்கும்.

இதற்கிடையில் வேறொரு சந்தை வளர்ந்து வருகின்றது. பாடசாலை பழைய மாணவர் சங்கங்களின் உணவுச் சந்தை, பள்ளிவாசல் நிதிக்கான விற்பனை, நிறுவனங்கள் வைக்கும் திறந்தவெளிச் சமையல் போட்டி, ரமழான் இரவுகளின் கடைகள் ஆகியவற்றில் இடம் பிடிக்க நிரந்தரக் கடை தேவையில்லை. சொந்த அடுப்போடு வந்து, சொன்ன நேரத்துக்குச் சமைத்து, இடத்தைத் துப்புரவாக விட்டுப் போகக்கூடியவராக இருந்தால் போதும். சமையலறையைச் சில்லில் ஏற்றிக்கொண்டு போக முடியுமா என்பதே கேள்வி.

வேன் ஒன்றை வாங்கிச் சமையல் வண்டியாக மாற்றுவது பலருக்கும் எட்டாக்கனி. 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து பழைய வேன்களின் விலையும் ஏறியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் கதவு திறக்கப்பட்டபோதிலும், வரிச்சுமை காரணமாக விலை சிறு வியாபாரியின் கைக்குள் வரவில்லை. எனவே, இருக்கின்ற வாகனத்தின் பின்னால் பூட்டி இழுக்கக்கூடிய சிறு ட்ரெயிலர்தான் நடைமுறைக்கு ஏற்ற வழி. அதை உள்ளூர் வெல்டிங் பாஸ் ஒருவரே செய்து தருவார். ஆனால், அவரிடம் போகும் முன் நாம் ஒரு கணக்கைச் செய்துகொள்ள வேண்டும். அது எடைக் கணக்கு.

நியூயோர்க் தெருவில் கற்ற பாடம்

சில்லில் ஏறிய அடுப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவின் நியூயோர்க் நகரம் நல்ல சாட்சி. எகிப்திலிருந்து குடியேறிய மூன்று முஸ்லிம் நண்பர்கள் 1990இல் அந்நகரின் 53ஆம் தெருவும் ஆறாம் அவெனியுவும் சந்திக்கும் இடத்தில் ஹொட் டோக் விற்கும் தள்ளுவண்டி ஒன்றை ஆரம்பித்தார்கள். அப்பகுதியில் டெக்சி ஓட்டிய முஸ்லிம்கள் வயிறு நிறைய ஹலால் சாப்பாடு கிடைக்காமல் அலைவதைக் கண்டு, சோற்றின் மேல் இறைச்சியும் வெள்ளை சோஸும் வைத்துக் கொடுக்கும் ஒரே வகைச் சாப்பாட்டுக்கு மாறினார்கள். 'த ஹலால் கைஸ்' என்ற பெயரில் அந்த வண்டி பிரசித்தி பெற்றது. 2014 முதல் கிளை உரிமங்கள் வழங்கும் நிறுவனமாகவும் வளர்ந்தது.

அதே நகரில் தெரு உணவு வியாபாரிகளுக்கென்றே 2005ஆம் ஆண்டு 'வெண்டி' விருதுப் போட்டி தொடங்கப்பட்டது. இறுதிச் சுற்றுக்கு வந்தவர்கள் தத்தமது வண்டியிலேயே, திறந்தவெளியில், மக்களுக்கும் நடுவர்களுக்கும் சமைத்துப் பரிமாற வேண்டியிருந்தது. 2007இல் அதன் முதற்பரிசான வெண்டி கிண்ணத்தை வென்றவர் எமது நாட்டவர். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த திரு குமார், வொஷிங்டன் சதுக்கப் பூங்காவின் ஓரத்தில் 'நியூயோர்க் தோசாஸ்' என்ற தள்ளுவண்டியில் தோசை சுட்டு வந்தவர். பளிங்குத் தரை போட்ட உணவகங்கள் நிறைந்த நகரில் தோசைக் கல் ஏற்றிய ஒரு வண்டிக்குத்தான் அந்தப் புகழ் கிடைத்தது.

நியூயோர்க் மாநகர விதிப்படி தள்ளுவண்டி 10 அடி நீளத்தையும் 5 அடி அகலத்தையும் தாண்டக் கூடாது. அந்தச் சிறிய இடத்துக்குள் அவர்கள் எதை ஏற்றுவது, எதை விடுவது என்று யோசித்தார்கள். பல வகைகளை விட்டு ஒரு வகையில் கெட்டிக்காரர் ஆனார்கள். எமக்கும் முதல் வேலை இதுவே. கொத்தா, புரியாணியா, இஸோ வடையா, சுட்ட இறைச்சியா என்று ஒன்றைத் தீர்மானித்த பின்னரே வண்டியின் அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

எடையை முதலில் தாளில் போடுங்கள்

கராஜுக்குப் போய் "பலமாக ஒன்று செய்து தாருங்கள்" என்று சொன்னால் பாஸ் பலமாகத்தான் செய்வார். எல்லா இடத்துக்கும் தடித்த இரும்பைப் போடுவார். இரும்பின் விலை எடையோடு ஏறும் என்பதையும், அந்த எடையை ஒவ்வொரு பயணத்திலும் பெற்றோல் செலவழித்து இழுக்கப்போவது நாம்தான் என்பதையும் அந்நேரம் யாரும் யோசிப்பதில்லை.

6 அடி நீளம், 4 அடி அகலமுள்ள ட்ரெயிலர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 50 மில்லிமீற்றர் சதுரமும் 3 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள பொக்ஸ் பார் ஒரு மீற்றர் சுமார் 4.4 கிலோ. 40 சதுரத்தில் 2 மில்லிமீற்றர் தடிப்பானது 2.4 கிலோ. மேற்கூட்டுக்குப் போதுமான 25 சதுரம், 1.6 தடிப்பு என்றால் 1.2 கிலோதான். தகட்டிலும் இதே கதை. 8 அடிக்கு 4 அடி அளவுள்ள 2 மில்லிமீற்றர் இரும்புத் தகடு ஒன்று 47 கிலோ வரும். அதே அளவில் ஒன்றரை மில்லிமீற்றர் அலுமினியத் தகடு 12 கிலோ.

அடிச்சட்டம், தூண், கூரைச் சட்டம் எல்லாம் 50 சதுரப் பொக்ஸ் பாரிலும், பக்கங்களும் தரையும் கூரையும் இரும்புத் தகட்டிலும் செய்தால் அச்சு, சில்லுகள் உட்பட வெறும் வண்டியே 350 கிலோவைத் தொடும். அடிச்சட்டத்துக்கு 40 சதுரம், மேற்கூட்டுக்கு 25 சதுரம், பக்கங்களுக்கு அலுமினியம், தரைக்கு 12 மில்லிமீற்றர் தண்ணீர் தாங்கும் பலகை, கூரைக்குக் கென்வஸ் என்று போட்டால் 150 கிலோ அளவில் முடிக்கலாம். வித்தியாசம் 200 கிலோ. அதாவது, 25 கிலோ அரிசி மூட்டைகள் எட்டை ஒவ்வொரு பயணத்திலும் சும்மா ஏற்றி இறக்குவதற்குச் சமம்.

இதன் மேல் உண்மையான சுமை ஏறும். கொத்துத் தகடு 35 கிலோ, 12.5 கிலோ காஸ் சிலிண்டர்கள் இரண்டு இரும்போடு சேர்த்து 50 கிலோவுக்கு மேல், தண்ணீர் 40 லீற்றர் என்றால் 40 கிலோ, சாமான் சட்டி 40, உணவுப் பொருள் 60. மொத்தம் சுமார் 225 கிலோ. ஆக, இலேசான வண்டி சுமையோடு 375 கிலோ. கனமான வண்டி 575. முன்னையதைச் சிறிய வேன் ஒன்று அலட்டிக்கொள்ளாமல் இழுக்கும். பின்னையதற்குப் பெரிய வாகனம் தேட வேண்டும். முச்சக்கர வண்டியில் இரண்டையும் பூட்டவே வேண்டாம். அது பயணிகளை ஏற்றுவதற்கென்று செய்யப்பட்டது. இறக்கத்தில் பின்னிருந்து தள்ளும் பாரத்தை அதன் பிரேக் தாங்காது.

குறைக்கக் கூடாத இடங்கள்

இலேசு என்பதற்காக எல்லாவற்றையும் மெல்லியதாக்கிவிடக் கூடாது. மூன்று இடங்களில் எடையைக் குறைப்பது ஆபத்தாகவோ நட்டமாகவோ முடியும்.

முதலாவது, வாகனத்தோடு பூட்டும் முன் சட்டமும் கொளுவியும். இவற்றுக்கு 50 சதுரம், 3 தடிப்பையே போடுங்கள். கொளுவி கழன்றாலும் வண்டி தறிகெட்டு ஓடாதிருக்கப் பாதுகாப்புச் சங்கிலியும் கட்டாயம்.

இரண்டாவது, அச்சும் சில்லும். பஞ்சிகாவத்தையில் பழைய வாகன உதிரிப்பாகங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. முன்சில்லால் இயங்கும் சிறிய கார்களின் பின் அச்சு இந்த வேலைக்குப் பொருத்தமானது. தாங்கிகளைக் கழற்றிப் பார்த்து, கிரீஸ் மாற்றிய பிறகே பூட்ட வேண்டும். லொறிக்குரிய விறைப்பான ஸ்பிரிங் போட்டால் வண்டி குழிதோறும் துள்ளிக் கறிச்சட்டியைக் கவிழ்த்துவிடும். சுமைக்கு ஏற்ற மெல்லிய ஸ்பிரிங்கே நல்லது.

மூன்றாவது, கொத்துத் தகடு. 3 அடிக்கு 2 அடித் தகடு 8 மில்லிமீற்றர் தடிப்பில் 35 கிலோ இருக்கும் என்று பார்த்தோம். அதைப் பாதியாக்கினால் சூட்டில் தகடு வளையும், நடுவில் கருகி ஓரத்தில் வேகாது. வாடிக்கையாளரைத் தேடித் தரும் இடத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பாரத்தைப் பங்கிடுவதும் முக்கியம். மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கொளுவியில் இறங்க வேண்டும். 375 கிலோவுக்கு 35 கிலோ அளவு. சாமான்களை ஏற்றிய பின் கொளுவியை ஒரு தராசில் வைத்தாலே தெரிந்துவிடும். பின்புறம் பாரம் கூடினால் ஓட்டத்தில் வண்டி வாலாட்டத் தொடங்கும். தண்ணீர்த் தாங்கியை அச்சுக்கு நேர் மேலே வைத்தால், தண்ணீர் குறையும்போது சமநிலை அதிகம் மாறாது. அகலத்தை 4 அடியோடு நிறுத்தியதற்கும் காரணமுண்டு. கொட்டாஞ்சேனையின் ஒழுங்கைகளுக்குள் அதைவிட அகலமான வண்டியைத் திருப்பி நிறுத்துவது பெரும்பாடு.

கடற்காற்றும் காஸும்

வெள்ளவத்தை மரைன் டிரைவ் பக்கம் குடியிருப்பவர்களுக்குக் கடற்காற்று இரும்பைத் தின்னும் வேகம் தெரியும். மெல்லிய பொக்ஸ் பார் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். திறந்த முனைகளை அடைத்து, தண்ணீர் வடிவதற்கு அடியில் சிறு துளை வைத்து, துரு தடுக்கும் பூச்சின் மேல் வர்ணம் அடிக்க வேண்டும். அலுமினியம் இரும்போடு நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால் உப்புக் காற்றில் அலுமினியம் அரிக்கும். நடுவில் ரப்பர் பட்டி வைத்தால் வண்டியின் ஆயுள் கூடும்.

காஸ் விடயத்தில் இன்னும் கவனம் தேவை. 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாட்டின் பல பாகங்களில் அடுத்தடுத்து நடந்த காஸ் வெடிப்புகளை நாம் மறந்துவிடவில்லை. சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் தேங்கும். எனவே, வண்டியின் தரையை ஒட்டிக் காற்றுத் துவாரங்கள் இருக்க வேண்டும். சிலிண்டரை அடுப்புக்குக் கீழே பெட்டிக்குள் பூட்டாமல், முன் சட்டத்தின் மேல் வெளியில், நிமிர்த்திப் பட்டியால் இறுக்குங்கள். பயணத்தின்போது வால்வு மூடியிருக்க வேண்டும். பூட்டிய ஒவ்வொரு முறையும் சவர்க்கார நுரை பூசிக் கசிவு பாருங்கள். தீயணைக்கும் கருவி, சமைப்பவரின் கைக்கெட்டும் இடத்தில், ஆனால் அடுப்பைத் தாண்டிப் போகாமல் எடுக்கக்கூடிய பக்கத்தில் இருக்கட்டும்.

அனுமதியும் முதலும்

வேலை தொடங்கும் முன் நாரஹேன்பிட்டவிலுள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் ட்ரெயிலருக்கான பதிவு, அளவு, விளக்குகள் பற்றிய நிபந்தனைகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். செய்து முடித்த பின் கேட்டால், பூட்டியதைக் கழற்ற வேண்டி வரலாம். உணவு விற்பதற்கு மாநகர சபையின் அனுமதியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் திருப்தியும் அவசியம். கை கழுவத் தனித் தண்ணீர், கழிவு நீருக்கு மூடிய வாளி, சமைத்ததற்கும் பச்சை இறைச்சிக்கும் வெவ்வேறு பெட்டி ஆகியவற்றைப் படம் வரையும்போதே சேர்த்தால் பின்னர் இடநெருக்கடி வராது.

அடுத்தது முதல். போட்டிகளை மட்டும் நம்பி வண்டி செய்வது புத்திசாலித்தனமல்ல. போட்டி பெயரைத் தரும், ஓடர்தான் வருமானத்தைத் தரும். மாதத்தில் இரண்டொரு சந்தை, அதனால் கிடைக்கும் வீட்டு விசேட ஓடர்கள், ரமழானில் முப்பது இரவுகள் என்று கணக்கிட்டு, வண்டி எத்தனை நாள் வெளியே போகும் என்பதை முதலில் எழுதுங்கள். அந்த நாட்கள் குறைவென்று தெரிந்தால் தனியாகச் செய்யாமல் இரண்டு மூன்று பேர் முஷாரகா அடிப்படையில் கூட்டாகச் செய்யலாம். ஒருவர் முதலும் மற்றவர் உழைப்பும் போட்டால் முழாரபா ஆகும். இலாபத்தை என்ன விகிதத்தில் பிரிப்பது, வண்டி பழுதானால் யார் பொறுப்பு, பிரியும்போது எப்படி விலை மதிப்பது என்பவை எழுத்தில் இருக்கட்டும். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் எமக்கு வழிகாட்டியிருக்கின்றது. மச்சான், மருமகன் என்ற உறவுக்காக எழுதாமல் விட்ட கூட்டுகள் எத்தனை குடும்பங்களைப் பிரித்திருக்கின்றன என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

வண்டியின் 200 கிலோ இரும்பைக் குறைப்பது இந்தக் கணக்கையும் மாற்றிவிடும். வாங்கும் இரும்பு குறைகிறது, இழுக்கும் வாகனம் சிறிதாகிறது, பெற்றோல் மிஞ்சுகிறது. வட்டிக்கு வாங்க வேண்டியிருந்த பணம் குடும்பத்துக்குள்ளேயே திரட்டக்கூடிய தொகையாகிவிடுகின்றது. வியாபாரம் சரிவராவிட்டாலும் வண்டியை விற்று முதலில் ஒரு பகுதியையாவது மீட்கலாம். வட்டி ஏறிக்கொண்டிருக்கும் கடனில் அந்த வசதி இல்லை.

பழைய சோனகத் தெருவுக்கு இரும்பு வாங்கப் போகும் முன் ஒரு தாளும் பென்சிலும் எடுத்து, ஒவ்வொரு துண்டின் நீளத்தையும் எடையையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள். ஒரு மாலை நேர வேலைதான் அது. எமது சகோதர சகோதரிகளின் ஹலாலான உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.